ஓரம் வெட்டிய படங்கள்

என் வீட்டுக்காரர் இறந்த அன்று பகல் இரண்டு மணி இருக்கும். அவருடைய தம்பி என் பக்கத்தில் வந்து குந்தி, மெதுவாக ஒரு போட்டோ கேட்டார். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் பந்தல்காரருக்குச் சொல்வதற்கு முன்பே பேனர்காரருக்குச் சொல்லிவிடுவார்கள். தெருமுனையில் ஒன்று, வீட்டுக்கு எதிரில் ஒன்று, பெரிய குடும்பமென்றால் பஸ் நிறுத்தத்தில் இன்னொன்று. பேனர் இல்லாமல் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால், கேட்க நாதியில்லாத ஆள் என்று ஊர் பேசும். கள்ளக்குறிச்சியில் அச்சுப் போடுகிறவர், போட்டோ வந்தால் ஒரு மணி நேரத்தில் ரெடி என்று சொல்லிவிட்டாராம்.

“அண்ணி, உங்க போன்ல நல்லதா ஒன்னு பாத்துக் குடுங்க. நீங்கதான் எந்நேரமும் எடுத்துக்கினே இருப்பீங்களே” என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. அண்ணனைத் தோளில் தூக்கி வேனில் ஏற்றியவர் அவர்தான். சட்டையெல்லாம் செம்மண். எனக்குத்தான் அந்தப் பேச்சு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. போனைத் திறந்தேன். ஆயிரக்கணக்கில் படங்கள். வாசல் கோலம், ஈரத் தரையில் விழுந்த வெயில், தயிர் கடைகிற மத்து, பூசணிப்பூ, பசுவின் காது, வளையலோடு என் கை. விரலால் தள்ளித் தள்ளிப் போகிறேன், அவர் இல்லை. ஒரு படத்தில் ஒரு முழங்கை. இன்னொன்றில் சேறு காய்ந்த கால் கட்டைவிரல். வேறொன்றில் சுவர் மேல் ஒரு நிழல், தோளில் துண்டு போட்ட நிழல். பதினேழு வருஷம் கூட வாழ்ந்த மனிதரின் முகம் என் போனில் ஓரிடத்திலும் இல்லை.

இது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன் திருடு போகவில்லை, உடையவில்லை. நான்தான் செய்தேன்.

கொரோனா சமயத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன் அது. பள்ளிக்கூடம் திறந்ததும் போன் எனக்கு வந்தது. யாரோ ஒரு சமையல் பக்கத்தில் நான் எழுதிய ஒரு வரியைப் பார்த்து, ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். நாற்பது பேர் இருப்போம், எல்லாம் பெண்கள், ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. அங்கே ஒரே ஒரு சட்டம். தினமும் காலையில் அவரவர் வீட்டில் அவரவரே எடுத்த படம் ஒன்று போட வேண்டும். சாமி படம், பூங்கொத்து, யாரோ எடுத்த இயற்கைக் காட்சியெல்லாம் கூடாது. உன் வீடு, உன் கண், அவ்வளவுதான்.

நான் முதலில் போட்டது தண்ணீர் சொம்பு. கிழக்கு சன்னல் வழியாக வெயில் வந்து அதன் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கோயம்புத்தூர்க்கார அக்கா ஒருவர் எழுதினார்: “கண்ணு, உன்ற வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு.” நான் அதை நாலு தடவை படித்தேன். பி.காம். முடித்துவிட்டு வடக்கனந்தலுக்கு வாழ வந்து, ஒன்றரை ஏக்கர் மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவில் சமைத்துத் துடைத்துக் கழுவிக்கொண்டிருந்தவளிடம், உன் வீடு நன்றாக இருக்கிறது என்று அதற்கு முன்னால் ஒருவரும் சொன்னதில்லை. கிறுக்குப் பிடித்தது போல ஆகிவிட்டேன். விடிந்தால் எதை எடுக்கலாம் என்பதே நினைப்பு. அடுப்பில் பால் பொங்கி வழியும், நான் பொங்கி வழிகிற பாலைப் படம் எடுத்துக்கொண்டு நிற்பேன்.

முதல் தடவை அவரை வெட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பின்பக்கம் துணி துவைக்கிற கல், அதையொட்டிச் செம்பருத்தி. மழை விட்டிருந்தது. இலையெல்லாம் கழுவி வைத்த மாதிரி மின்னியது. எடுத்த பிறகு பார்த்தால், கல்லின் மேல் அவர் உட்கார்ந்து காலில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மடித்துக் கட்டிய கைலி, முதுகில் ஓட்டை விழுந்த பனியன். படத்தின் ஓரத்தில் விரலை வைத்து உள்ளே தள்ளினேன். முதுகு போனது, தோள் போனது, தலை போனது. செம்பருத்தி மட்டும் நின்றது. போனில் எப்போதும் இடம் இருக்காது என்பதால் முழுப் படத்தை அழித்துவிட்டு, வெட்டிய படத்தை வைத்துக்கொண்டேன். அன்று அதற்கு நிறையப் பாராட்டு.

வெட்கம்தான். அதற்கு வேறு பெயர் வைத்து என்னையே நான் ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். குரூப்பில் மற்ற பெண்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கணவர்களோடு நிற்கிற படம் போடுவார்கள். கஞ்சி போட்ட வேட்டி, கைக்கடிகாரம், வழித்த முகம். என்னவர் வெயிலில் கருகிய ஆள். மரவள்ளி பிடுங்குகிறபோது தண்டு எகிறி அடித்து முன்பல் ஒன்று போயிருந்தது. அதனால் வெளியாட்கள் முன்னால் உதட்டை மூடிக்கொண்டே சிரிப்பார். நல்ல சட்டை இரண்டு உண்டு, இரண்டும் பீரோவில் பத்திரமாக இருக்கும். அவரை அந்தப் பெண்கள் பார்த்தால் என் சொம்பும் செம்பருத்தியும் என்னவாகும் என்று பயந்தேன். எவ்வளவு அற்பமான பயம் பாருங்கள்.

ஒருநாள் கோயம்புத்தூர் அக்கா கேட்டார்: “வீட்டுக்காரர் வெளியூரா கண்ணு? ஒரு படத்துலயும் காணமே?”

நான் உடனே பதில் எழுதினேன்: “ஆமாக்கா. மஸ்கட்ல இருக்கார்.”

எங்கள் தெருவில் ஒருவர் மஸ்கட்டில் இருந்தார். வாயில் அதுதான் வந்தது. அந்தப் பதிலை நான் தட்டியபோது என் வீட்டுக்காரர் பத்தடி தூரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தப் பொய்யை வளர்க்க வேண்டியதாகிவிட்டது. லீவு கிடைக்கவில்லை என்றேன். இந்த வருஷமும் வர முடியவில்லை என்றேன். அக்கா பாவம், எனக்காக வருத்தப்பட்டார். தனியாக ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படித்தான் சமாளிக்கிறாயோ என்று எழுதுவார். அந்த ஆறுதலையும் நான் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

மஸ்கட் கதை அவருக்குத் தெரியாது என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். தெரிந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் நான் அவரைப் படத்திலிருந்து வெட்டுகிறேன் என்பது தெரியும். ஒருமுறை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டார். நான் திடுக்கிட்டுப் போனை மறைத்தேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் போனைத் தூக்கினாலே விலகிக்கொள்வார்.

“இன்னா, போட்டோவா? இரு, நவுந்துக்கறேன்.”

வண்டிக்கு வழி விடுகிற மாதிரி அத்தனை இயல்பாக நகர்ந்துகொள்வார். கட்டிலில் படுத்திருந்தால் எழுந்து வெளியே போய் நிற்பார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டோடு தள்ளி உட்காருவார். “அங்க வௌக்கமாறு தெரியுது பாரு, அத்த எடுத்துட்டு எடு” என்று யோசனை வேறு சொல்வார். கடைசி இரண்டு வருஷம் எனக்கு வெட்டுகிற வேலையே இருக்கவில்லை. அவரே என் படங்களுக்கு வெளியே இருந்துகொண்டார். எனக்கு அது அப்போது வசதியாக இருந்தது.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. குரூப்பில் என்ன பேசுகிறார்கள் என்று என்னைவிட அவருக்குத்தான் ஆசை. “கோயமுத்தூரு அக்கா இன்னா சொல்லுது?” என்று சாப்பிட உட்காரும்போது கேட்பார். கொல்லைக்காட்டிலிருந்து வரும்போது எதையாவது மடியில் கட்டிக்கொண்டு வருவார். இரட்டையாக ஒட்டி வளர்ந்த சோளக் கதிர், குழந்தை கால் மாதிரி இருந்த மரவள்ளிக் கிழங்கு, கீழே விழுந்து கிடந்த தூக்கணாங்குருவிக் கூடு. “இத்த எடுத்துப் போடு, அந்த அக்கா பாக்கட்டும்” என்பார். நான் முறத்தில் வைத்துப் படம் எடுப்பேன். அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார், படத்தில் அவர் கை கூட வராது. அந்தக் குருவிக் கூட்டுக்கு வந்த பாராட்டையெல்லாம் வரிவரியாகப் படித்துக் காட்டச் சொன்னார். அதைக் கொண்டுவந்தது யார் என்று அதில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரே ஒரு படம் தவறிப் போனது. அது கல்வராயன் மலையில்.

போன வருஷம் மரவள்ளி பிடுங்கி லோடு ஏற்றிய மறுநாள், எங்கேயாவது போகலாம் என்று அவர்தான் ஆரம்பித்தார். எங்கே போவது, ஒரு வண்டியில் மூன்று பேர். கரியாலூருக்குப் போனோம். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஏற மகள் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். முந்தைய வாரம் மழை பெய்திருந்ததால் அருவியில் நல்ல தண்ணீர். பாறை வழுக்கும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நான் கீழே இறங்கினேன். என்னை ஒரு படம் எடு என்று மகளிடம் போனைக் கொடுத்தேன். இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்று அவள் சொல்லிக்கொண்டே எடுத்தாள். முகமெல்லாம் சாரல், திரையெல்லாம் தண்ணீர். சரியாகப் பார்க்காமலே குரூப்புக்கு அனுப்பினேன். மலையில் டவர் கிடைக்காது. படம் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நானும் மறந்துவிட்டேன்.

இறங்கி அணைப் பக்கம் வந்ததும் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். டவர் வந்திருக்கிறது. போன் டிங் டிங் என்று சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால், படம் போய்விட்டிருக்கிறது. படத்தில் நான் ஒரு ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கிறேன். நடுவில் அவர். முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய கைலி, நனைந்த பனியன். அதற்கு மேல் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அழிகிற மாதிரி அழித்தேன். என் போனிலிருந்தும் அந்த நிமிஷமே அழித்தேன். யாரோ கேட்டதற்கு, தவறுதலாக வேறு படம் வந்துவிட்டது என்று எழுதினேன். பிறகு மகள் மேல் பாய்ந்தேன்.

“ஒரு போட்டோ ஒழுங்கா எடுக்கத் தெரியாதா ஒனக்கு? என்னக் கொண்டுபோயி ஓரத்துல தள்ளி வச்சிருக்கற.”

அவள் டீ கிளாஸை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். டீயை ஆற்றிக்கொண்டு அவர்தான் கேட்டார், “இன்னா ஆச்சு?”

“ஒன்னுமில்ல. படம் சரியா வரல.”

“இன்னொருக்கா வரலாம் வுடு. அருவி எங்க போவப்போவுது” என்றார்.

அதற்கு ஐந்தாம் மாதம் அவர் போய்விட்டார். நாற்பத்தாறு வயது. காலையில் கூழ் குடித்துவிட்டு மரவள்ளி விதைக்குச்சி நடப் போனார். பதினோரு மணிக்குப் பக்கத்துக் கொல்லைக்காரம்மா கத்திக்கொண்டு ஓடிவந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்திருக்கிறார். வேனில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனோம். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே என் மடியில் தலை கனத்துவிட்டது. அன்று காலை நான் பனியோடு ஒரு பூசணிப்பூ போட்டிருந்தேன். அவர் வரப்பில் கிடந்த நேரத்தில், அந்தப் பூவுக்கு வரிசையாகச் சிவப்பு இதயம் வந்துகொண்டிருந்திருக்கிறது. பிறகுதான் பார்த்தேன்.

பேனருக்கு வருகிறேன். உறவுக்காரர்கள் போனிலும் தேடினார்கள். கல்யாண வீடுகளில் அவர் மேடைப் பக்கமே போகமாட்டார், பந்தியில்தான் இருப்பார். கிடைத்த படங்களில் எல்லாம் சாம்பார் வாளியோடு ஒரு முதுகு. எங்கள் கல்யாண ஆல்பத்தைத் தம்பி புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். “ரொம்பச் சின்னப் புள்ளையா இருக்காரு அண்ணி. செத்தது யாருன்னே தெரியாது.” கடைசியில் ஆதார் அட்டைதான். அதில் இருப்பது யாரோ மிரட்டி உட்காரவைத்த ஒரு ஆள். உதடு இறுகி, கண் பிதுங்கி இருக்கும். அதைப் பெரிதாக்கினால் கேட்க வேண்டுமா. பேனரைக் கட்டியபோது தெருவில் வந்தவர்கள் முகத்தைப் பார்த்துப் புரியாமல், கீழே எழுதியிருந்த பேரைப் படித்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

“வேற நல்லதா ஒன்னு கெடச்சிருக்கலாம்” என்று தம்பி தனக்குள் சொல்லிக்கொண்டார்.

என் மகள் அவரைப் பார்த்துச் சொன்னாள், “எங்கருந்து சித்தப்பா கெடைக்கும்? எல்லாப் படத்துலயும் அப்பாவ வெட்டி வெட்டிப் போட்டுக்கினு இருந்துச்சு இது.”

அத்தனை பேர் முன்னால் சொன்னாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு நொடி நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். பிறகு தொடர்ந்தார்கள். நான் அவளை அதட்டவில்லை. அதட்ட என்ன இருக்கிறது. அதற்கப்புறம் அவள் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், குளி என்றால் குளிப்பாள். பத்தாவது படிக்கிற பெண், அப்பா செல்லம்.

குரூப்பில் நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? எனக்கு இருந்த சிநேகிதிகள் அவர்கள்தான். ஒரு தலைவலி என்றால்கூட அவர்களிடம்தான் சொல்வேன். இன்றைக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ நேரம் வந்தபோது, அவர்களுக்குத் தெரிந்த என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் நன்றாக இருந்தார். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ கோயம்புத்தூர் அக்கா எழுதியிருந்தார்: “ஏங்கண்ணு, ஒரு வாரமா படம் காணோம்? வீட்டுக்காரர் லீவுல வந்துட்டாராக்கும்? அதான் எங்களையெல்லாம் மறந்துட்டயா?” பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் கருமாதி. அன்றைக்குப் படத்திறப்பு. சட்டம் போட்ட படத்தைத் துணியால் மூடிவைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் துணியை விலக்க, மாலை போட்டுக் கும்பிடுவார்கள். பிறகு அந்தப் படம் சுவருக்குப் போய்விடும். “அந்த ஆதார் மூஞ்சி வேணாம் அண்ணி” என்று பத்தாம் நாளே தம்பி சொன்னார். “பேனர்னா கிழிச்சிப் போட்டுடுவோம். இது காலத்துக்கும் சொவுத்துல தொங்கறது.” எனக்கு அருவிப் படம் ஞாபகம் வந்தது. அழித்த படம் முப்பது நாள் குப்பையில் கிடக்கும், அதற்கப்புறம் தானாகப் போய்விடும் என்று மகள் சொன்னாள். ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஆனால் அன்று அந்தப் படம் நாற்பது பேர் போனுக்குப் போயிருந்தது. ஒருவர் போனிலாவது தங்கியிருக்காதா?

மறுநாள் காலை, எல்லாரும் கொல்லைப் பக்கம் போன நேரம் பார்த்து, கோயம்புத்தூர் அக்காவுக்கு எழுதினேன். நீளமாக எழுதி அழித்தேன். சுருக்கமாக எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இதுதான்: அக்கா, என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். அவர் மஸ்கட்டில் இல்லை, எப்போதும் இங்கேயேதான் இருந்தார். கைலி கட்டின ஆள் என்று வெட்கப்பட்டு உங்களிடம் பொய் சொன்னேன். கரியாலூர் அருவியில் எடுத்து நான் அழித்த படம் உங்கள் போனில் இருக்கிறதா?

பதில் எழுத்தில் வரவில்லை. போனே அடித்தது. மூன்று வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டேன். நான் நினைத்ததைவிட வயதான குரல். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அழுகாத கண்ணு. அழுகாத. படம் என்றகிட்ட இல்ல. நீ அழிச்சா இங்கயும் போயிருமாம். எல்லாரையும் கேட்டுப் பாக்கறேன். ஆனா, அன்னைக்கு நான் அதப் பாத்தேன்.”

“பாத்தீங்களாக்கா?”

“பாத்தேன் கண்ணு. அப்பத்தான் போன எடுத்தேன், வந்துச்சு. ஒருத்தரு உன்ற செருப்ப ரெண்டையும் கையில வெச்சுட்டு நின்னாரு. முன்னால ஒரு பல்லு இல்ல. வாயத் தொறந்து சிரிச்சுட்டு நின்னாரு. நீங்க வந்த வண்டிக்கு டிரைவராட்ட இருக்குதுன்னு நெனச்சேன். என்னை மன்னிச்சுக்கோ. டிரைவரு எதுக்கு இந்தப் புள்ளைய இப்படிப் பாக்கறாருன்னு மனசுல பட்டுது. கேமராவப் பாக்கல அவரு. உன்னையேதான் பாத்துட்டு இருந்தாரு. அதுக்குள்ள நீ அழிச்சுப் போட்டே.”

எனக்குச் செருப்பு ஞாபகமே இல்லை. தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்று அவர் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். அந்தப் படத்தை நான் என் கையில் வைத்துப் பார்த்தேன். கைலியைப் பார்த்தேன், பனியனைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நேரில் பார்த்தேயிராத ஒரு அம்மா, அந்தச் சில நொடியில் பார்த்துவிட்டிருக்கிறார். அக்கா குரூப்பில் எல்லாரிடமும் கேட்டார். ஒவ்வொருவராக இல்லை என்றார்கள். யாரும் என் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டூடியோவுக்குத்தான் போனோம். ஸ்டூடியோக்காரர் ஆதார் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கண்ணைக் கொஞ்சம் சரிசெய்தார், நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினார். “சட்ட போடறதா, கோட்டு போடறதாம்மா? படத்தெறப்புக்கு எல்லாரும் கோட்டுதான் போடறாங்க” என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தம்பி சரி என்றுவிட்டார். அண்ணனுக்கு நல்லது செய்கிற ஆசை அவருக்கு. நீலக் கோட்டு, சிவப்பு டை. வேறு யாருடைய உடம்பின் மேலோ என் வீட்டுக்காரரின் தலையை ஸ்டூடியோக்காரர் நகர்த்திக் கொண்டுவந்து பொருத்தினார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரல் வேலை எனக்குத் தெரிந்த வேலைதான்.

கருமாதி அன்று துணியை விலக்கியதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. “ஜம்முனு இருக்கறான்யா” என்றார் அவருடைய மாமா ஒருவர். “ஃபாரின்ல வேலை பாத்துட்டு வந்த ஆளு மாரி இருக்கறான்.” நாலு பேர் ஆமாம் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாற்பது பெண்களிடம் நான் சொல்லி வைத்திருந்த மனிதர் ஒருவழியாக எங்கள் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்துவிட்டார். கூட இருந்தவரைத்தான் எங்கேயும் காணவில்லை. அப்போது அழுதேன். அதுவரை அழுததெல்லாம் வேறு, இது வேறு.

மத்தியானம் பந்தி முடிந்து உறவெல்லாம் கிளம்பிப் போனது. பின்பக்கம் குழாயடியில் நானும் மகளும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அவள் தேய்த்துக் கொடுக்க நான் அலசினேன். ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. கோயம்புத்தூர் அக்கா சொன்னதை அவளிடம் சொன்னேன். உங்கப்பா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம், வாயைத் திறந்து சிரித்தாராம், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாராம் என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“நான்தானம்மா எடுத்தேன்.” தட்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைத் தேய்த்தாள். “நான் உன்ன எடுக்கல. அப்பாவத்தான் எடுத்தேன். உன்ன அப்டிப் பாத்துக்கினு நின்னாரு, அதுக்காவத்தான் எடுத்தேன். நீ ஓரத்துல வந்துட்ட.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். தேய்த்த தட்டை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்காமல் உட்கார்ந்திருந்ததால், அவளே அதை அலசிக் கவிழ்த்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.